பாம்பாறு வரை

பல் டாக்டரிடம் காத்திருந்தபோது
பழைய பத்திரிகை ஒன்றில் பார்த்த படம்:
பிரான்சில் ஏதோ ஒரு கடற்கரை,
வீட்டையே சக்கரத்தில் ஏற்றியது போல் ஒரு வண்டி,
முன்னால் மடக்கு நாற்காலியில் புருஷனும் பெண்டாட்டியும்.
இரண்டு முறை பலமாக இருமி
கிழிக்கும் சத்தத்தை மறைத்தார் திம்மராயன்.
டோக்கன் எண்ணைக் கூப்பிடும் முன்பே
வலித்த பல்லோடு வெளியே வந்துவிட்டோம்.

அடுத்த தையில் ஏலத்தில் எடுத்தார்
ஓர் ஆம்புலன்ஸை.
சிலுவையைச் சுரண்டிய இடம் மட்டும்
புது வெள்ளையாக நிற்கிறது, சிலுவை வடிவிலேயே.
ஸ்ட்ரெச்சர் ஓடிய தடத்தில் பலகை, பலகைமேல் இலவம்பஞ்சு மெத்தை.
ஆக்சிஜன் உருளை மாட்டிய கொக்கியில்
சின்ன வெங்காயம் தொங்குகிறது.
சைரன் போய்விட்டது, சுவிட்ச் இருக்கிறது.
மேடு ஏறும்போதெல்லாம் அதைத் தட்டுவார்,
சும்மா.

மின்வாரியக் கம்பிவலைக்குப் பின்னால்
பதினேழு வருஷம் ஊரார் யூனிட்டை எண்ணியவள் நான்.
நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.
காரணம்: 'கடல்' என்று எழுதி
அடித்துவிட்டு
'சொந்த வேலை' என்றெழுதினேன்.
புதுச்சேரிதான் திட்டம்.
பிரெஞ்சுக்காரன் போட்ட தெருவில் வண்டியை நிறுத்தி
பின்கதவை விரியத் திறந்துவைத்து
அலைக்கு நேராகப் பருப்பு தாளிக்கணும் இவருக்கு.

மத்தூர் தாண்டியதும் கிளட்ச் கருகிய வாடை.
உருட்டி உருட்டி ஊத்தங்கரை சேர்ந்தோம்.
பட்டறை நூருல்லா அடியில் புகுந்து எழுந்து
"சேலத்துல இருந்து பிளேட்டு வரணும். திங்கக்கிழமை.
அதுவரைக்கும் டேம் பக்கம் விடுங்க,
காத்தாவது வரும்" என்றார்.
கடலுக்கு இன்னும் நூற்றைம்பது சொச்சம் கிலோமீட்டர்.
டிராக்டர் ஒன்று எங்களைக் கட்டியிழுத்துப்போய்
பாம்பாற்றுக் கரையில் அவிழ்த்துவிட்டது.

தண்ணீர் இறங்கிய அணை.
கரையோரம் வெடித்த வண்டல், ஆட்டுப் புழுக்கை,
லாரி டியூபில் மிதந்து வலை விடும் ஒருவன்.
"உப்பு ஒண்ணுதான் குறையுது" என்றார் இவர்.
உப்பு இருந்தது. பருப்பில் இரண்டு தடவை போட்டுவிட்டார்.

இரண்டாம் ராத்திரி கதவைத் தட்டினார்கள்.
"சார், ஆம்புலன்ஸ் சார், தேள் கொட்டிடுச்சு."
வண்டி ஓடாதென்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.
இவர்தான் சொன்னார்,
ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே.

நிஜ வண்டிக்குப் போன் போட்டோம்.
வர முக்கால் மணி நேரம்.
அதுவரை அந்தப் பெண்
எங்கள் மெத்தையில் கிடந்து வேர்த்தாள்,
என் மணிக்கட்டை நசுக்கிப் பிடித்தாள்,
தலைக்குமேல் ஆடிய வெங்காயத்தைப் பார்த்து
"இதுவா மருந்து?" என்றாள்.
அவள் புருஷன் வெளியே நின்று
சிலுவை இருந்த இடத்தைத்
தடவித் தடவிப் பார்த்தான்.

அவர்கள் போன பிறகு
மெத்தையில் படுக்க இரண்டு பேருக்கும் மனசில்லை.
விடியும்வரை மடக்கு நாற்காலியில் இருந்தோம்.
தண்ணீர் தெரியவில்லை,
தவளைச் சத்தத்தை வைத்து
இதுவரை கரை, அதற்கப்பால் தண்ணீர் என்று
யூகித்துக்கொண்டோம்.
நிச்சயம் பண்ணிய நாளிலிருந்து பேசாத ஒரு விஷயத்தைப் பேசினோம்.
அது இங்கே வேண்டாம்.

ஞாயிறு மத்தியானம் அவளே வந்தாள்,
வீங்கிய காலை இழுத்துக்கொண்டு,
முந்தானையில் அவித்த நிலக்கடலையோடு.
"ஆஸ்பத்திரிக் கட்டில் ஒரே கம்பிக்கா.
உங்க வண்டிதான் மெத்துனு இருந்துச்சு."

திங்கள் பிளேட்டு வந்தது. லீவு தீர்ந்தது.
பட்டறை வாசலில் நின்று
அந்தக் கிழிந்த தாளைப் பிரித்தேன்.
புருஷன் மடியில் விரித்த வரைபடத்தில் இருக்கிறான்,
பெண்டாட்டி செருப்பிலிருந்து மணலைத் தட்டுகிறாள்.
கடல் அவர்கள் முதுகுப் பக்கம்.
இவரிடம் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்துவிட்டு
"நாற்காலி நம்மளோடதே பரவாயில்ல" என்றார்.

மத்தூர் மேட்டில்
சுவிட்சை நான் தட்டினேன்.