உயரம் வந்து சேரும்வரை

பார்சல் நிறுக்கும் தராசில்
ஒருநாள் வயிரவன் ஏறி நின்றான்.
சிவப்பு எண்கள் கொஞ்சம் நடுங்கி
நாற்பத்தொன்பதில் நின்றன.
"அரைக்கிலோ பாக்கெட்டாப் போட்டா
தொண்ணூத்தெட்டும்மா நான்."
நான்காம் வகுப்பு; கணக்கில் புலி.
முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.
எங்களுக்கு முன்பே அவன் நிறுத்திவிட்டான்.

செக்காலை ரோட்டு டாக்டரம்மா
அவனைத் திட்டவில்லை.
"குறைக்கவே வேண்டாம்.
இதே எடையில் நிற்கட்டும்,
உயரம் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும்."
பிறகு என்னைப் பார்த்து,
"வீட்டில் ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு?"
பத்தரை மணிக்கு மாவு பிசையும் வீட்டில்
அது என்ன கேள்வி.
சீட்டில் மருந்து இல்லை.
எழுதியதெல்லாம் எனக்கும் அவன் அப்பாவுக்கும்.

உடைந்த சீப்புச் சீடை,
ஓரம் கருகிய அதிரசம்,
சுற்றுப் பிரிந்த கைமுறுக்கு,
விலைக்கு ஆகாதது எல்லாம் அவன் பங்கு.
அடுப்புப் பக்கம் வராதிருக்க ஒரு கை,
அழாதிருக்க ஒரு கை,
கொரியர் பையன் வாசலில் நிற்கும்போது
பேசாதிருக்க ஒரு கை.
கால்கிலோ கடலைமாவுக்கும் கணக்கெழுதும் நான்
அந்தக் கைகளை மட்டும் எழுதவில்லை.

முதல் வாரம் டப்பாக்களைப் பரணில் ஏற்றினேன்.
ஐந்தாம் நாள் நள்ளிரவில்
ஸ்டூல் நகரும் சத்தம்.
விளக்கைப் போட்டேன்.
வாய் நிறைய வைத்துக்கொண்டு மெல்லாமல் நின்றான்,
கை முதுகுக்குப் பின்னால்.
கண்ணில் பயம் இருந்தது.
பசி இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் டப்பா கீழே இறங்கியது.
வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆளுக்கு இரண்டு,
தட்டில் வைத்து, உட்கார்ந்து.
"எனக்குமா?" என்றார் அவன் அப்பா.
"உங்களுக்கும்தான்."
ஃப்ரிட்ஜில் இருந்த கலர் பாட்டில்களை
அவரே வெளியேற்றினார், முனகிக்கொண்டு.
எட்டு மணிக்குச் சோறு. மாவு காத்திருக்கட்டும்.
பாகற்காய்க்கு வயிரவன் இன்னும் எதிரி.
வெண்டைக்காய் மண்டிக்கு இறங்கி வந்தான்,
வெள்ளரிக்கு மிளகுப்பொடி கேட்டான்.

கொரியர் ஆபீசுக்கு ஸ்கூட்டரை எடுக்கவில்லை.
ஆளுக்கொரு பார்சலைப் பிடித்து நடந்தோம்.
திரும்பும் வழியில் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீடு,
முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்.
"இதைச் சுத்தினா எத்தனை எட்டும்மா?"
அறுநூற்றுப் பன்னிரண்டு.
அன்றைக்கு மூன்று தரம் நின்றோம்.
மூச்சு வாங்கியது அவனுக்கு மட்டுமல்ல.
இரண்டாம் மாதம் இரண்டு சுற்று,
கூடவே ஒரு செவலை நாய்.
பெயர் கொரியர்.

கல்யாண வீட்டில் சிந்தாமணி அயித்தை
கன்னத்தைக் கிள்ளி, "என்னடா குண்டு" என்று
மூன்றாவது கரண்டி பால் பணியாரத்தோடு வந்தார்.
கிண்ணத்தை உள்ளங்கையால் மூடினான்.
"பிள்ளையைப் பட்டினி போடுறியாடி?"
நான் வாய் திறப்பதற்குள்,
"வயிறு நிறைஞ்சிருச்சு அயித்தை.
என் பேரு வயிரவன்."

தீபாவளி ஆர்டர் வந்த பதினெட்டு நாள்
எல்லாம் பறந்தது.
பத்தரை மணிச் சோறு,
ஒரு கை, இன்னொரு கை.
கொரியர் வாசல்வரை வந்து பார்த்துவிட்டுப் போனது.

தை பிறந்து தராசில் ஏறினான்.
நாற்பத்தொன்பது.
"அதே தொண்ணூத்தெட்டுத்தான்"
முகம் சுருங்கிப்போனது.

சாயங்காலம் அவன் பள்ளிக்கூடப் பேண்டை எடுத்தேன்.
வருடா வருடம் இடுப்புக்குப் பெரிதாய் வாங்கி
கால் பக்கம் நாலு விரல் மடித்துத் தைப்பது.
கணுக்கால் தெரிகிறதாம், பையன்கள் கேட்கிறார்களாம்.
தையலைப் பிரித்தேன்.
மடிப்புக்குள்
வெயில் படாத நீலம்,
இரண்டு விரல் அகலத்துக்கு.

வெளியே நாய் குரைக்கிறது.
"வர்றியாம்மா, இல்ல நாங்க போகவா?"