களம்

மாரி விட்டும் விடாமலும் கிடந்த தை மாதம்
ஒரு வைரஸ் காய்ச்சல் வந்து
ஐந்து நாளில் போய்விட்டது.
இருமல் மட்டும் முற்பணம் கட்டியவன்போல்
ஏழு கிழமை இருந்தது.
அது காலிசெய்த அறைக்குள்
புளிப்பு குடிவந்தது.

படுத்தால் போதும்.
எட்டு மணிக்குத் தின்ற இடியப்பமும் சொதியும்
ஒரு மணிக்குத் தொண்டை வாசலில் நின்று
பேர் சொல்லிக் கூப்பிடும்.
நெஞ்செலும்புக்குப் பின்னால்
தேசிக்காய்ப் புளியில் தோய்த்த திரி எரியும்.

குளிசை போட்டேன். பிளேன்ரீயை விட்டேன்.
சம்பலை விட்டேன்.
பொய். பாதி விட்டேன்.
கட்டில் தலைமாட்டுக்கு இரண்டு புளொக் கல் வைத்தோம்.
விடியும்போது நானும் அவரும்
கால்மாட்டில் குவிந்து கிடப்போம்,
பழைய கிண்ணியாப் பாதையில் ஏற்றிய
சைக்கிள்கள்போல.

ஆகக் கேவலம் மைதானத்தில் நடந்தது.
பதினேழு வயதுக்குட்பட்ட வலைப்பந்து, மூன்றாம் கால்பகுதி.
சென்டர் பிள்ளை வட்டத்துக்குள் கால் வைத்துவிட்டாள், ஓஃப்சைட்.
விசிலை வாயில் வைத்தேன்.
காற்று வரவில்லை.
வந்தது வேறொன்று.
பிள்ளைகள் விளையாடிக்கொண்டே இருந்தார்கள்.

பெரியாஸ்பத்திரி, இயன்மருத்துவப் பிரிவு.
சட்டையில் சிஃப்னா என்று பெயர்ப்பட்டி.
ஒரு நீலக் குழாய் தந்தாள், முனையில் திருகு.
"ஊதப்படா டீச்சர், உள்ளுக்கு இழுக்கணும்."
இழுத்தேன்.
மூடி திறக்காத போத்தலில் சோடா குடிப்பதுபோல் இருந்தது.
இருபத்தாறு வருசம்
வெளியே ஊதிச் சம்பளம் வாங்கியவள் நான்.

கிளினிக் அட்டையின் பின்பக்கம்
ஒரு குடை கீறினாள்.
"இது பிரிமென்றகடு. இதில ஒரு ஓட்டை.
அதுக்குள்ளால களம் இறங்குது.
சுத்தியிருக்கிற தசைதான் கதவைப் பிடிக்கிற.
இருமி இருமி அது சோந்துபோச்சு."

களம்.
விஞ்ஞானப் புத்தகத்தில் ஒருகாலம் பாடமாக்கிய சொல்.
பரீட்சை முடிந்ததும் அதை அங்கேயே விட்டுவிட்டு
சுண்ணாம்புக் கோடு போட்ட மற்றக் களத்துக்கு
ஓடிவந்தவள் நான்.
இதுவோ வாய்க்குக் கீழே இருபத்தைந்து சென்றிமீற்றர்.
இத்தனை வருசம்
நடுவர் இல்லாமலே ஆட்டம் நடந்திருக்கிறது.

காலையில் முப்பது. மாலையில் முப்பது.
டைக் வீதி வீடு; பின்கதவைத் திறந்தால் கடல்.
கடலும் மூச்சுத்தான் விடுகிறது பாருங்கோ என்று
யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.
கடலுக்கு இரைப்பை இல்லை.

ஆறாம் கிழமை சிஃப்னா
திருகை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள்.
"தோள் எழும்புது டீச்சர். திருப்பி."
அந்தத் 'திருப்பி'யில்தான் பிடிபட்டது.
கிண்ணியா அணி, கோல் அற்றாக், வலய இறுதி.
முக்காட்டை ஊசிகுத்தி இறுக்கிய ஒல்லிப் பிள்ளை.
பந்தைப் பிடித்துத் திரும்பினாள்,
நான் ஸ்டெப்பிங் என்று விசில் அடித்தேன்.
ஒரு புள்ளியில் தோற்றார்கள்.
கால் நகர்ந்ததா என்று
அன்றிரவே எனக்குச் சந்தேகம்.
கேட்டிருக்கலாம்.
வாயில் குழாய் இருந்தது.
"நல்லம்," என்றாள், அட்டையில் எதையோ எழுதினாள்.
அவளுக்கு ஞாபகம் இருக்கோ தெரியாது.

இப்போது ஒன்பதாம் கிழமை.
புளிப்பு வருகிறது, இல்லையென்று சொல்லமாட்டேன்.
நேற்று பாதிவழி ஏறி நின்றது.
யோசித்தது.
இறங்கிப் போனது.
ஒரு கல்லை எடுத்துவிட்டோம்,
மற்றதில் கைவைக்க அவருக்குப் பயம்.

விடிய ஐந்தரை. ஒழுங்கையில்
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
மாநகரசபைக் குப்பைப் பையைக் கிழித்துத் தின்றுவிட்டு
மதிலோரம் படுத்திருக்கிறது.
தின்றதை மேலே வரவழைத்து
கண் பாதி மூடி மெல்கிறது.
எரியாதாம்.
பார்த்துக்கொண்டே இழுக்கிறேன்,
தோள் எழும்பாமல்.
இருபத்துமூன்று.
விழுங்குகிறது, திரும்பவும் வரவழைக்கிறது.
இருபத்துநான்கு.