ஐந்நூறுக்குப் பிறகு ஒரு டி

ஆரம்பாக்கத்தில்
தமிழ்ப் பலகைகள் முடிந்து
தெலுங்குப் பலகைகள் தொடங்கும் இடைவெளியில்
மூன்று கொட்டேஷன்களோடு நிற்கிறேன்.
வெங்கம்மாவின் ஐஸ் கம்பெனிக்குக்
கம்பி எடுக்க வேண்டும்,
ஏழரை டன்.

போன கான்ட்ராக்டர்
அஸ்திவாரக் குழியை வெட்டிவிட்டு
முன்பணத்தோடு கம்பி நீட்டிவிட்டான்.
அவன் நீட்டினது என்ன கிரேடு மேடம், என்கிறான் தேசப்பன்.
கம்பி வளைப்பவனுக்குச் சிரிக்க உரிமை உண்டு.
வரைபடத்தில் கையெழுத்துப் போடுகிறவள் நான்,
பிசகினால்
எண்ண வேண்டியதும் கம்பிதான்.

முதல் கொட்டேஷன்
கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு சின்ன மில்.
பழைய பஸ், பழைய கட்டில், உடைந்த நங்கூரம்
எல்லாம் உருகி ஒரே நிறமாகி வருகிறது.
பன்னிரண்டு எம்எம் ஒரு மீட்டர்
எண்ணூற்று எண்பத்தெட்டு கிராம் நிற்க வேண்டும்.
தராசு எண்ணூற்றுப் பத்து என்றது.
மிச்சம் எழுபத்தெட்டு கிராம்
இன்னும் எந்தக் கட்டிலில் தூங்குகிறதோ.

இரண்டாவது, ஐந்நூற்றைம்பது.
வெங்கம்மாவுக்கு மனசு அதில்தான்.
மீன் ஏலம் விட்டுப் பழகிய குரல்:
"ஐந்நூத்தம்பது கேட்டப்புறம்
ஐந்நூறுக்கு யாராச்சும் இறங்குவாங்களாம்மா?"

அந்த எண்
எவ்வளவு தாங்கும் என்று சொல்லும்.
தாங்க முடியாத நாளில்
என்ன செய்யும் என்று சொல்லாது.
இதை வாயால் சொல்லாமல்
தேசப்பனிடம் இரண்டு துண்டு கொடுத்தேன்.

வளைத்தான்.
ஐந்நூற்றைம்பதின் முழங்கைக்கு வெளியே
மயிரிழையில் ஒரு வாய் திறந்தது.
(எல்லா ஐந்நூற்றைம்பதும் இப்படியில்லை.
இந்த லாட் இப்படி.)
மற்றது மூன்றாவது கொட்டேஷன்,
ஐந்நூறு, பக்கத்தில் ஒற்றை டி.
வளைந்தது, கொஞ்சம் நிமிர்ந்தது,
ஒன்றும் பேசவில்லை.
வெங்கம்மா அந்த வாயில் நகத்தை விட்டுப் பார்த்தார்.

அதிலும் சாதா ஒன்று,
துருவுக்குச் சீக்கிரம் மசியாதது ஒன்று,
செம்பும் குரோமியமும் சிட்டிகை சேர்த்தது,
டன்னுக்கு நாலாயிரம் கூட.
பூச்சுப் பூசிய கம்பியையும் யோசித்தேன்.
தேசப்பன் ஆட்கள் இழுத்துப் போடும் அழகுக்குப்
பூச்சு கீறும்,
கீறிய இடத்தில் உப்பு குடியேறும்.

சுண்ணாம்புக்குளம் போகும் வழியில்
ஒரு பழைய ஏலக்கூடம்.
தூண்கள் உள்ளிருந்தே வெடித்திருக்கின்றன.
துருவான இரும்புக்கு
இருந்த இடம் போதாது.
பாகம் கேட்கும் பங்காளி மாதிரி
சிமென்ட்டைத் தள்ளிக்கொண்டு
வாசலுக்கு வந்து நிற்கும்.
ஏரி நமக்கு நூறடி, என்றேன்.
வெங்கம்மா முப்பதாயிரத்தை
இறாலில் போட்டுப் பார்த்தார்.
"ரெண்டு நாள் பாடு. எடு."

செவ்வாய் சாயங்காலம் லாரி வந்தது.
கம்பியில் பொறித்த எழுத்து, ஹீட் நம்பர்,
டெஸ்ட் சர்டிபிகேட் எல்லாம் ஒத்துப்போக
டிக் அடித்துக்கொண்டே போனேன்.
வெங்கம்மா குனிந்தார்.
கம்பிக்கு அடியிலிருந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து
நாக்கில் வைத்தார்.
"உப்பு," என்றார்.
தமிழிலா தெலுங்கிலா என்று கேட்கத் தேவையில்லை.
"நான் மீனைக்கூடத் தரையில போடமாட்டேனே அம்மா."

என் காகிதங்களில் இதற்குக் கட்டம் இல்லை.

பதினொரு மணிவரை
மீன் கிரேட்டுகளைக் கவிழ்த்து வரிசையாக வைத்து
ஏழரை டன்னையும் அதன்மேல் ஏற்றினோம்.
தார்ப்பாய் இறால் வாடை அடித்தது.
மூச்சு வாங்கும்போதுதான் அவர் கேட்டார்,
அந்த டி-ன்னா என்ன?
பாடப்புத்தகத்தில் ஒரு சொல் இருந்தது.
நேரத்துக்கு வரவில்லை.
தேசப்பன் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னான்:
"போறதுன்னா
சொல்லிட்டுப் போகும்கா.
மெதுவா வளைஞ்சு காட்டிட்டு,
ஆளுங்கள வெளிய போகவிட்டுட்டு.
முன்பணம் வாங்கினவன் மாதிரி இல்ல."

இருபது எம்எம்மில்
இரண்டு கம்பி குறைகிறது.
காலையில் மில்லுக்குப் போன் போட வேண்டும்.