கார்போகரிசி

அம்பத்தூர் எஸ்டேட், மூன்றாவது ஷெட்.
ஜெபராஜ் லேபிள் எழுதுகிறார்:
"முற்றிலும் இயற்கை. பக்கவிளைவே இல்லை."
அரளிவிதையும் இயற்கைதான் சார், என்கிறேன்.
பேனாவை மூடிவைக்கிறார்.

காசிமேட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி
டெல்பின் வந்திருக்கிறாள்.
சோதனைக்குக் கை நீட்டுகிறவர்களில்
கேள்வி கேட்பவள் இவள் ஒருத்திதான்.
கன்னத்தில் மங்கு,
வஞ்சிரத்தின் விலாப் புள்ளி மாதிரி.
"பூசிட்டு வெயில்ல நின்னா எரியுமா?
எனக்கு நெழல்ல யாவாரம் கெடையாது."

டப்பாவைத் திறந்து விதையைக் காட்டினேன்.
கறுத்துச் சுருங்கிய பொடி விதை.
அப்படியே அரைத்துப் பூசினால்
வெயில் பட்ட இடம் கொப்புளிக்கும்.
கொப்புளிக்க வைக்கிற சரக்கைப் பிரித்து
ஓரமாய் வைத்துவிட்டு வடித்தது
இந்தச் சொட்டு. தேன் நிறம்.
மங்கு மெல்ல மங்கலாம், மாசக்கணக்கில்.
மங்காமலும் போகலாம்.

"நல்லா விக்கிறீங்க" என்று சிரித்தாள்.

முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு,
மேலே பிளாஸ்திரி.
இரண்டு நாள் ஈரம் படக்கூடாது என்றேன்,
விடிகாலையில் ஐஸ் பெட்டிக்குள்
கை விடுகிறவளிடம்.
அவள் பார்த்த பார்வையில்
வலது கையை அடித்து
இடது கை என்று எழுதிக்கொண்டேன்.

வியாழன் சாயங்காலம்
பிளாஸ்திரி ஓரத்தில் நாலு செதில்.
பிரித்து, டியூப்லைட்டுக்குக் கீழே
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
சிவப்பு இருந்தது,
பசை ஒட்டிய சதுரத்தில் மட்டும்.
சொட்டு விழுந்த நடு இடம்
ஒன்றும் சொல்லவில்லை.
"அப்ப மூஞ்சில பூசலாமா?"
முதலில் காதோரம், என்றேன்.

ஜெபராஜ் மறுபடி எழுதுகிறார்.
"பக்கவிளைவே" வரை வந்து
என்னைப் பார்க்கிறார்.

"முதலில் முழங்கை மடிப்பில்" என்று
ஆரம்பிங்க சார்.