பத்தேமுக்கால்

காலைச் சாப்பாடும் இல்லை, மத்தியானமும் இல்லை.
'பிரஞ்ச்' என்று கரும்பலகையில் எழுதி
பக்கத்தில் ஒரு கணவாய் கீறியிருக்கிறார்கள்.
"ரெண்டுங்கெட்டான் நேரத்துக்கு ஒரு பேர்,
பேருக்கு எண்ணூறு ரூவா கூட" என்கிறான் ரெஜினோல்ட்,
கதிரையை டச் பே பக்கம் திருப்பிப் போட்டபடி.

நளாயினிக்குக் கச்சேரி இல்லாத நாள்.
ஹிதாயத் மூதூரிலிருந்து மோட்டர்சைக்கிளில்.
நான் போகும்போது அவன் லோஞ்சில் வந்து வழியனுப்பியவன்,
இப்போது பாலங்களைக் கணக்குச் சொல்கிறான்.
வழியில் கிண்ணியாவில் வாங்கிய தயிர்ச்சட்டியை
மேசைக்கு மேலே கவிழ்த்துக் காட்டுகிறான்.
அசையவில்லை.
"பார்த்தியா, இதுதான் எருமை" என்கிறான்,
எருமையைத் தானே பெற்றவன் மாதிரி.

எனக்கு இந்த நேரத்தைத் தெரியும்.
லொசானில், ஏரி தெரிகிற கடையொன்றில்
ஏரி தெரியாத அறையில் பத்தொன்பது வருசம்.
ஞாயிறு பத்தேமுக்காலுக்குத்தான் முதல் கூடை உள்ளே வரும்.
முட்டை மஞ்சள் ஒட்டின தட்டுகள்.
காய்ந்தால் அது சீமெந்து.
பிரஞ்சின் முதுகை மட்டும் பார்த்தவன் நான்.
முகம் இன்றைக்குத்தான்.

இவர்களுக்குச் சொன்னதில்லை.
"ஹோட்டல் லைன்" என்பேன் போனில்.
அதுவும் பொய்யில்லை.

அப்பம் வந்தது. ஓரம் முறுகி, நடுவில் முட்டை தளும்பி.
கட்டைச் சம்பல். பாரைத் துண்டு போட்ட சொதி.
ரெஜினோல்ட் இழுவைப்படகுக் கதை தொடங்கினான்.
கப்பல் ஒன்று, இரவு, கயிறு அறுந்தது,
மிச்சத்தை நளாயினியே சொல்லி முடித்தாள்,
அவனைவிட நன்றாக.

"எப்ப திரும்ப?" என்றான் ஹிதாயத்.
"டிக்கெட் ஒரு பக்கம்தான்."

கொஞ்ச நேரம் காகம் மட்டும் கதைத்தது.
பிறகு ரெஜினோல்ட் கை நீட்டி
கடைசி முட்டையப்பத்தை எடுத்துக்கொண்டான்.
"அப்ப இது எனக்கு.
நீ நாளைக்கும் தின்னலாம்."

அந்த நேரம் பார்த்துத்தான் மான் வந்தது,
கட்டைச் சுவருக்கு மேலால் கழுத்தை விட்டு
மெனுவை இழுத்து
கணவாய் வறுவல் இருந்த பக்கத்தை மென்றது.
வெயிட்டர் பொடியன் மட்டும் ஓடினான்.
"காசு குடாம சாப்பிடுறதெண்டால்
இந்த ஊரில இதாப் பிறக்கோணும்" என்றாள் நளாயினி.
ஹிதாயத்துக்குச் சிரித்துப் புரையேறியது.

சிரித்து ஓய்ந்து பார்க்கிறேன்.
என்னைக் கேளாமல் என் கைகள்
தட்டுகளை அடுக்கி முடித்திருந்தன.
பெரியது கீழே, சின்னது மேலே,
முள் எல்லாம் ஒன்றில்,
கரண்டிகள் ஒரே திசையில் தலைவைத்து.
"ஐயோ சேர், நாங்க எடுப்பம்" என்றான் பொடியன்.
சேர்.
நளாயினி அடுக்கைப் பார்த்தாள். என் விரல் நகங்களைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
தன் தட்டை மட்டும் திரும்ப இழுத்து
"நான் இன்னும் முடிக்கேல்லை" என்றாள்,
அதில் ஒன்றுமே இல்லை.

கைகழுவப் போன இடத்தில் பின்கதவு திறந்திருந்தது.
பைப்படியில் பலகைக் கட்டையில் ஒரு பெண்.
முன்னால் எங்கள் தட்டுகள்,
நான் அடுக்கின அதே அடுக்கு.
"மஞ்சள் காயமுதல் ஊறப்போடுங்கோ அக்கா."
வாய் முந்திவிட்டது.
புறங்கையால் நெற்றி மயிரை ஒதுக்கி நிமிர்ந்தாள்.
"தெரியும் தம்பி.
நீங்க போய் இருங்கோ. தேத்தண்ணி ஆறப்போகுது."

போய் இருந்தேன்.

ஆறித்தான் கிடந்தது, மேலே ஆடை படர்ந்து.
இன்னொன்று சொல்லியிருந்தார்கள்.
ஒருவரும் எழும்புகிற மாதிரியில்லை.
வெயில் மேசையின் பாதிவரை வந்து
நளாயினியின் வெறும் தட்டில் ஏறியது.
பன்னிரண்டு இருபது.
ரெஜினோல்ட் வயிற்றைத் தடவிக்கொண்டு கேட்கிறான்:
"மத்தியானத்துக்கு எங்க?"