மேசை ஜெயித்த இரவு

தாம்பெரேயில் ஜனவரி.
மூன்றரைக்கே விளக்குப் போட்டாகவேண்டும்.
சைக்கிள் கடைக்கு மேலே எங்கள் அறை,
பழைய பெட்டி டிவி ஒன்று, நாங்கள் மூன்று பேர்,
தன்னையே சூடாக்கிக்கொள்ளத் திணறும் ஒரு ஹீட்டர்.

டென்னிஸ் வேண்டாம் என்றாள் சிர்க்கு.
வாள் வேண்டாம், குத்துச்சண்டை வேண்டவே வேண்டாம்.
கையை வீசினால் எதுவோ உடையவேண்டும் என்று
எவன் எழுதிவைத்தான்?
(போன வாரம் உடைந்தது நிஜ விளக்கு.
வார் அறுந்து ரௌனோவின் கையிலிருந்து பறந்த ரிமோட்
குறி தப்பவில்லை.)

சென்சாரின் கம்பியை அவனுடைய நாய் கடித்துவிட்டதால்
டிவி மேல் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தோம்.
ரிமோட்டுக்கு அது போதும்.
இரண்டு சுடரைப் பார்த்தால்
தான் எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளும்.

சிர்க்குவின் விளையாட்டு:
தளும்பத் தளும்ப ஒரு கிண்ணம் சூப்போடு
ஓடும் பேருந்தின் கடைசி இருக்கைவரை போகவேண்டும்.
ஓட்டுநர் காதலியோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தால்
அது கடினமான கட்டம்.

ரௌனோவினுடையது:
திரை முழுக்கக் கறுப்பு.
குடித்துவிட்டு வந்தவனின் சாவி,
எங்கேயோ ஒரு துவாரம்,
கையில் மெல்லிய அதிர்வு மட்டுமே வழி.
உள்ளே இருப்பவர் எழுந்து வந்து திறப்பதற்குள்
நீ திறந்துவிடவேண்டும்.
உள்ளே இருப்பது யார் என்று கேட்டோம்.
காபி போட எழுந்து போய்விட்டான்.
குறிப்பேட்டில் ‘யார்?’ என்று மட்டும் எழுதிவைத்தேன்.

நான் சொன்னது
துறைமுகத்தில் நின்று கையசைப்பது.
கப்பல் கண்ணுக்கு மறையும்வரை.
முதலில் கையை இறக்கியவர் தோற்றார்.
“எவ்வளவு நேரம்?”
“நிஜக் கப்பல் மறைய எவ்வளவு ஆகுமோ அவ்வளவு.”
“நாற்பது நிமிடம் எவரும் கையசைக்க மாட்டார்கள்.”
நான் வாதாடவில்லை.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, நள்ளிரவு தாண்டி,
சும்மா இருக்கும் விளையாட்டு.
உள்ளங்கையில் குருவி தூங்குகிறது,
நீ அசையக்கூடாது, அவ்வளவுதான்.
நாலு கோடு, ஒரு முக்கோண அலகு,
விடிவதற்குள் வரைந்து ஓட்டிவிட்டோம்.
ரௌனோ பதினோரு நொடி.
நான் இருபது.
சிர்க்கு நாற்பத்து மூன்றில் தும்மினாள்.

ரிமோட்டை மேசைமேல் வைத்துவிட்டு
ரொட்டி வாங்கப் போனோம்.
திரும்பி வந்தால் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன,
பதினெட்டு நிமிடம்,
குருவி அசந்து தூங்குகிறது.
மேசை ஜெயித்துவிட்டது.

வயிறு வலிக்கச் சிரித்தோம்.
அப்புறம் சிரிப்பு நின்றது.
முதல் நாளே எந்தக் குழந்தையும் கண்டுபிடித்துவிடும்,
கெட்டிக்காரக் கை எதுவும்
ஒரு பலகையை வெல்ல முடியாது.

எட்டு நாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.
ஒன்பதாம் நாள் சிர்க்கு
இரண்டு தாள்களைச் சுவரில் ஒட்டினாள்.
ஒன்றில் மேசை: அடிக்கோல் வைத்து இழுத்த கோடு.
மற்றதில் என் கை:
புல் முளைத்தாற்போல் பொடிப்பொடி நடுக்கம்.
இரைச்சல் என்று பேர்வைத்து
அதைத்தான் இத்தனை நாள் வடிகட்டிக் கொட்டியிருக்கிறோம்.

வடிகட்டியை எடுத்தாள்.
இப்போது நடுக்கமே இல்லாத இடத்தில்
குருவிக்குக் குளிர்கிறது.
கண் திறக்கிறது, பறந்துவிடுகிறது.
மேசைக்கு நாலு நொடி.

மார்ச்சில் ராட்டர்டாமிலிருந்து ரைனௌட் வந்தார்,
பணம் போடுபவர், மழைக்கோட்டைக் கழற்றாமலே நின்றார்.
வாள் இல்லாத ஆட்டம் கடையில் நகராது என்றார்.
சொல்லும்போதே குருவி அவர் கையில் இருந்தது.
குரல் தானாகத் தணிந்தது.
மெழுகு உருகி டிவியின் முகத்தில் வழிந்தது,
துடைக்க யாரும் எழவில்லை.

கடைசியில் என் பக்கம் தலையை மட்டும் திருப்பி,
கிசுகிசுப்பாக,
“இதை இப்போது
உன்னிடம் எப்படிக் கொடுப்பது?” என்றார்.

இரண்டு பேர் ஆடும் கட்டத்தை
நாங்கள் அதுவரை யோசித்திருக்கவில்லை.