வண்டி நின்ற இடங்கள்

கம்பெனியிலிருந்து செய்தி வந்தது:
"எங்கள் சர்வருக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள்.
தங்கள் வண்டி சென்ற இடங்கள், நின்ற நேரங்கள்
வெளியே போயிருக்கலாம். வருந்துகிறோம்."

தேவனாம்பட்டினத்தில், சவுக்கு நிழலில்,
வண்டிக்குள் உட்கார்ந்து படித்தேன்.
நாற்பத்தோராவது நாள்.

சிப்காட் வாசலில் என் அட்டையை
இயந்திரம் ஏற்காமல் துப்பியது ஆனியில் ஒரு திங்கட்கிழமை.
மறுநாளும் கேரியரோடு கிளம்பினேன்.
கெடிலத்தைத் தாண்ட வேண்டிய வண்டி
பாலத்துக்கு முன்னமே கடல் பக்கம் திரும்பியது.
ஏனென்று அது கேட்கவில்லை.
எழுதிக்கொண்டது மட்டும்:
எட்டு பத்துக்கு நின்றது.
ஏசி பதினோரு நிமிடம்.
நாலு ஐம்பதுக்குக் கிளம்பியது.

எந்த ஊரிலோ ஒருத்தன்
லட்சம் வண்டிகளுக்கு நடுவே
என் வரியையும் வைத்திருக்கிறான்.
கதவைத் திறப்பானாம், ஓடும்போதே நிறுத்துவானாம்,
டிவியில் நாலு பேர் கத்துகிறார்கள்.
நிறுத்த என்ன இருக்கிறது?
நின்றுகொண்டுதானே இருக்கிறது.

என் பயம் வேறு.
கடன் மங்கையர்க்கரசி பெயரில்.
செயலி அவள் போனிலும் உண்டு.
அதே செய்தி, அதே வருத்தம்
அவளுக்கும் போயிருக்கும்.

ராத்திரி அவள் ஒன்றும் கேட்கவில்லை.
சீரியல் பார்த்தாள்.
போனை சார்ஜில் போட்டாள், திரையைக் கவிழ்த்து.

காலையில் கேரியரில் சாம்பார் இல்லை.
மோர்ச்சோறு, இரண்டு மாவடு,
கூடவே ஒரு பழைய பெட்ஷீட்.
"அங்க வெக்கை ஜாஸ்தி,
கண்ணாடியில கட்டிக்கோ" என்றாள்.

அங்க என்றால் எங்க என்று
நான் கேட்கவில்லை.
பாலத்துக்கு முன்னால் இண்டிகேட்டர் போட்டேன்.
அதையும் எழுதிக்கொண்டிருக்கும்.